கேமில கேட்ட பாட்டா, பேண்ட் பாடின பாட்டா? ரொக் அன் ரோல் ரேசிங் விளையாடின ஆக்கள் வந்து சொல்லுங்கோ

சாம்பல்தீவு_ரேசர் | வெள்ளி, இரவு 10.12

வணக்கம் எல்லாருக்கும். கன நாளா எனக்குள்ள கிடக்கிற விசயம், இண்டைக்கு எழுதிப்போட்டுத்தான் படுக்கிறது எண்டு இருக்கிறன், நீளமாப் போனா குறை நினைக்காதேங்கோ.

2004ல எனக்குப் பதினொரு வயசு. மாமா கொழும்பால வரேக்க பழைய பென்டியம் கொம்பியூட்டர் ஒண்டு கொண்டு வந்து தந்தவர், அதுக்குள்ள ஆரோ முதலே எமுலேட்டரும் (பழைய கேம் மெசினின்ர கேமைக் கொம்பியூட்டரில ஓடவிடுற புரோகிராம்) கொஞ்சம் சூப்பர் நின்டெண்டோ கேமும் போட்டு வச்சிருந்தது. அதில ஒண்டுதான் ரொக் அன் ரோல் ரேசிங். 1993ல வந்த கேம், செஞ்ச கொம்பனிக்கு அப்ப சிலிக்கன் அண்ட் சினாப்ஸ் எண்டு பேர், பிறகு அதுதான் பிளிசார்ட் ஆனது. நாலு வாகனம், வேற வேற கிரகத்தில ரோட்டு, முன்னுக்குப் போறவனுக்கு ஏவுகணை அடிக்கலாம், பின்னுக்கு வாறவனுக்குக் கண்ணி போடலாம். பள்ளிக்கூடம் விட்டு வந்து சேட்டுக் கழட்ட முதல் கொம்பியூட்டரைப் போட்டிடுவன், அம்மா சோத்துக் கோப்பையோட பின்னால வந்து நிப்பா.

அதில சொல்லில்லாமல் வெறும் வாத்தியமா ஓடின பாட்டெல்லாம் அந்தக் கேமுக்கெண்டே செஞ்சது எண்டுதான் நான் நினைச்சிருந்தன், ஆரும் சொல்லித் தரேல்ல. 2013ல கம்பஸ் ஹொஸ்டல்ல ஒரு நாள் பின்னேரம் பக்கத்து ரூம் பெடியன் லப்டொப்பில ஒரு பாட்டுப் போட்டான். பேஸும் ட்ரம்மும் மெல்ல மெல்ல ஏறி வருது, எனக்குப் பெருவிரல் தன்பாட்டில துடிக்குது, ஏவுகணை பட்டன் அமத்துற விரல் அதுதான். இது என்ர பாட்டு எண்டு எழும்பி அவன்ர ரூமுக்கு ஓடினன். நான் வாசலுக்குப் போகவும் ஒரு ஆள் உச்சத்தில கத்திக்கொண்டு உள்ள வாறான், பிறகு பாடத் தொடங்கினான். எனக்கு வந்த உணர்ச்சிய உள்ளபடி சொல்றன்: நான் வளந்த வீட்டுக்குள்ள முன்பின் தெரியாத மனிசன் ஒருத்தன் வந்து இருக்கிற மாதிரி இருந்தது. அதுதான் டீப் பர்ப்பிள் எண்ட ரொக் பேண்டின்ர ஹைவே ஸ்டார், 1972ல வந்த மெஷின் ஹெட் அல்பத்தில முதல் பாட்டு.

அதுக்குப் பிறகு ஒவ்வொண்டாத் தேடிக் கேட்டன். பிளாக் சபத்தின்ர பரனொய்ட், ஸ்டெப்பன்வுல்ஃபின்ர போர்ன் டு பி வைல்ட், ஜோர்ஜ் தொரகூட்டின்ர பேட் டு த போன், ஹென்றி மன்சினியின்ர பீட்டர் கன். எல்லாம் அருமையான பாட்டு, மறுக்கேல்ல, இண்டைக்கும் கேக்கிறன். ஆனா ஆராவது என்னட்ட ஹைவே ஸ்டாரை மனசுக்குள்ள ஓடவிடு எண்டு சொன்னா கேமின்ர அந்த எட்டுச் சனல் சத்தம்தான் ஓடுது, பேண்டில பாடின கில்லனின்ர குரல் வரமாட்டுது.

இது சின்ன வயசு ஞாபகம், அவ்வளவுதான் எண்டு எல்லாரும் சொல்லுகினம். நான் ஒப்பமாட்டன். அந்த வயசில எனக்கு இங்கிலீஷ் விளங்காது, பாட்டோட வந்திருந்தா நான் வெளியால நிண்டுதான் கேட்டிருப்பன். சொல்லே இல்லாமல் வந்தபடியாத்தான் அது முழுசா என்ர ஆனது. நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?

கிண்ணியா_சேகா | வெள்ளி, இரவு 10.40

மச்சான் நல்ல விசயம் எடுத்திருக்காய். ஆனா நீ கேட்டது பாதிதான். வாப்பா சவூதியால வரக்குள்ள சேகா மெகா டிரைவ் கொண்டு வந்தாரு, எங்கட ஒழுங்கையில முதல் வந்த மெசின் அது, அஸருக்குப் பிறகு வாசல் முழுக்கச் செருப்பு. அந்த மெசினுக்கு வந்த ரொக் அன் ரோல் ரேசிங்கில ரேடார் லவ்வும் இருக்கி, கோல்டன் இயரிங் எண்ட ஒல்லாந்து பேண்ட் 1973ல செஞ்ச பாட்டு, நின்டெண்டோவில அது இல்ல. சத்தமும் வேற மாதிரி, இரும்பை அரத்தால ராவுற மாதிரி, ரேசுக்கு அதுதான் பொருத்தம். நின்டெண்டோ சத்தம் தலகணிக்குள்ளால கேக்குற மாதிரி.

சாம்பல்தீவு_ரேசர் | வெள்ளி, இரவு 10.44

ரேடார் லவ் கேட்டனான், பேண்ட் வாசிச்சதை மட்டும். சேகாவில கேட்டதில்ல. இண்டைக்கே தேடுறன்.

பழைய_ரேப் | சனி, காலை 6.05

தம்பிமார், நான் உங்களிலும் பார்க்க வயதானவன், அறுபத்தெட்டு. திருகோணமலை டைக் வீதியிலதான் பிறந்தது வளந்தது எல்லாம். கேம் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது, பேரப்பிள்ளை இந்த இழையக் காட்டினவன், பாட்டுகளின்ர பேரைப் பாத்திட்டு எழுதாமல் இருக்க முடியேல்ல.

என்ர அண்ணர் கப்பல்ல வேலை செஞ்சவர். 1976ல லீவில வரேக்க ரெண்டு கசெட் கொண்டு வந்தவர், ஒண்டு மெஷின் ஹெட், மற்றது பரனொய்ட். வானொலியில பொப்பிசையும் சினிமாப் பாட்டும் கேட்டுக்கொண்டு இருந்த எனக்கு அந்த ரெண்டு கசெட்டும் என்ன செஞ்சது எண்டு சொல்லி விளங்கப்படுத்த ஏலாது. ரேப் நைஞ்சு அறுந்து, நெயில் பொலிஷ் வச்சு ஒட்டிக் கேட்டிருக்கிறன்.

அந்த மெஷின் ஹெட் அல்பம் என்னண்டு பதிஞ்சது தெரியுமோ? 1971 டிசம்பரில டீப் பர்ப்பிள் சுவிற்சர்லாந்தில மொன்ட்ரோ எண்ட ஊருக்குப் போச்சினம், ஏரிக்கரையில இருந்த கசினோவில பதியிறதுக்கு. அங்க ஃபிராங்க் ஸப்பாவின்ர கச்சேரி நடக்கேக்க நெருப்புப் பிடிச்சுக் கட்டடமே எரிஞ்சு போச்சு. கடைசியில குளிர்காலத்துக்குப் பூட்டிக் கிடந்த ஹோட்டல் ஒண்டின்ர உள் நடைபாதையில சாமானை அடுக்கி, வெளியால ரோலிங் ஸ்டோன்ஸின்ர ரெக்கோர்டிங் லொறிய நிப்பாட்டி வச்சுத்தான் வாசிச்சவை. அஞ்சு மனிசர் ஒருதர் முகத்தை ஒருதர் பாத்து வாசிச்ச வாசிப்பு. ஜோன் லோர்ட் ஓர்கனில ஒரு சுத்துப் போய் வந்த பிறகுதான் ரிச்சி பிளாக்மோர் கிட்டாரோட கிளம்புவார். அதைக் கேட்டுப்போட்டு, ஒரு மெசின் இதைத்தான் வாசிச்சது எண்டு சொன்னா எனக்கு மனம் நோகுது.

பரனொய்ட்டும் அப்பிடித்தான். பிளாக் சபத்தில கிட்டார் வாசிச்ச டோனி அயோமி பதினேழு வயசில தகரம் வெட்டுற தொழிற்சாலையில வலக்கையில ரெண்டு விரலின்ர நுனியைப் பறிகுடுத்தவர். இடக்கைக்காரர் எண்டபடியா தந்தி அமத்துற கையே அதுதான். பிளாஸ்டிக் போத்தலை உருக்கித் தானே நுனி செஞ்சு விரலில மாட்டிக்கொண்டு வாசிச்சவர். அந்தச் சத்தத்துக்குப் பின்னால ஒரு மனிசன்ர விரல் இருக்கு தம்பி. உங்கட கேமில அந்த விரல் எங்க இருக்கு?

கீபோட்காரன் | சனி, காலை 9.20

ஐயாவுக்கு முதல்ல வணக்கம், நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். நான் அன்புவழிபுரம், கோயில் திருவிழா, கலியாண வீடு எண்டு இருபது வருசமா இசைக்குழுவில கீபோட் வாசிக்கிறன், பாட்டை வேற சாமானில வாசிச்சுக் குடுக்கிறதுதான் என்ர தொழில், அதால இதில கொஞ்சம் கதைக்கலாம் எண்டு நினைக்கிறன்.

முதல்ல ஒண்டு, கேமில இப்பிடி வாற பாட்டை ரீமிக்ஸ் எண்டு கன பேர் சொல்லுறவை, ஆனா சரியாச் சொன்னா இது ரீமிக்ஸ் இல்ல. ரீமிக்ஸ் எண்டா பேண்ட் பதிஞ்ச அதே ரெக்கோர்டிங்கை எடுத்துப் பிரிச்சு, மாத்தி அடுக்கிறது. இதில அவையின்ர ஒரு சத்தம்கூட இல்ல, ஒவ்வொரு ஸ்வரமா ஆரோ இருந்து திருப்பி எழுதினது.

எழுதினவருக்குக் கிடைச்ச இடம் எவ்வளவு தெரியுமோ? சூப்பர் நின்டெண்டோவின்ர சத்தச் சிப் சோனி செஞ்சது, எட்டுச் சனல், அதாவது ஒரே நேரத்தில எட்டுச் சத்தம்தான் ஓடும், அதுக்கெண்டு 64 கிலோபைட் மெமரி. இண்டைக்கு வட்ஸப்பில வாற ஒரு படம்கூட அதைவிடப் பெரிசு. அதே 64 கிலோபைட்டில சிடி தரத்தில ஒரே ஒரு ஸ்பீக்கருக்குச் சத்தம் போட்டா முக்கால் செக்கன்தான் காணும். அந்தச் சிப்புக்கெண்டு ஒரு சுருக்குற முறை இருக்கு, 32 பைட்டை 9 பைட்டா ஆக்கும், அப்பிடிச் சுருக்கியும் முழுத் தரத்தில எல்லாமாச் சேத்து மூண்டரைச் செக்கன் வரும். அதுக்குள்ளதான் கிட்டார், பேஸ், ஓர்கன், ட்ரம், எக்கோ, கார் சத்தம், வெடிச் சத்தம், ரேஸ் வர்ணனை சொல்றவற்ற குரல், பாட்டின்ர ஸ்வரம் எழுதின கணக்கு எல்லாம் அடங்கோணும். கிட்டாரில ஒரு சொட்டுச் சத்தத்தை வெட்டி எடுத்து அதையே சுத்திச் சுத்தி ஓடவிட்டு நீட்டுவினம், எங்க வெட்டி எங்க ஒட்டுறது எண்டதில ஒரு மயிரிழை பிழைச்சாலும் டிக் டிக் எண்டு கேக்கும்.

ஐயா, விரல் எங்க எண்டு கேட்டீங்கள். அயோமியின்ர விரல் அதில இல்ல, ஒத்துக்கொள்ளுறன். ஆனா இப்பிடி வெட்டி ஒட்டினதும் ஒரு மனிசன்ர கைதான் ஐயா.

கிண்ணியா நானா சொன்ன தலகணிச் சத்தமும் பொய்யில்ல, அந்தச் சிப் ரெண்டு புள்ளிக்கு நடுவில வழுவழுப்பா நிரப்பிற விதத்தால உச்சச் சத்தம் கொஞ்சம் மழுங்கும். சேகாவில இருக்கிறது யமஹா சிப், சத்தத்தைப் பதிஞ்சு வைக்காமல் அலைய அலையால திருகி அந்தந்த நேரத்திலயே செஞ்சு எடுக்கிறது, ஆறு சனல். கிட்டார் அதில அரம் மாதிரித்தான் வரும்.

கிண்ணியா_சேகா | சனி, காலை 9.31

அதுதான் நான் சொன்ன. அரம்.

சாம்பல்தீவு_ரேசர் | சனி, பகல் 1.15

கீபோட் அண்ணா, நீங்கள் எட்டுச் சனல் எண்டு எழுதினோடன எனக்கு ஒரு விசயம் ஞாபகம் வந்தது, நேற்றே எழுதியிருக்கோணும்.

நான் பாவிச்ச எமுலேட்டர் இஸட்ஸ்னெஸ். கீபோட்டில மேல்வரிசையில எஃப் 5ல இருந்து எஃப் 12 வரைக்கும் எட்டுப் பட்டனும் எட்டுச் சனலுக்கு. எனக்கு அது தெரியாது, ஒரு நாள் ரேஸ் ஓடேக்க விரல் தவறி மேல பட்டுட்டு, பாட்டுக்குள்ள இருந்து ஏதோ ஒண்டு இல்லாமல் போச்சு. கொம்பியூட்டர் பழுதாப் போச்சு எண்டு பயந்து திரும்ப அமத்த அது திரும்பி வந்தது. அண்டைக்கு ரேசை விட்டுட்டன். ஏழு பட்டனை ஓஃப் பண்ணி ஒண்டை மட்டும் விட்டுக் கேட்டன். பேஸ் மட்டும் தனியா நிண்டு டும் டும் டும் எண்டு நடக்குது, அதுக்கு மேல ஆரும் இல்ல, அது தன்ர பாட்டில நடக்குது. பிறகு ட்ரம்மைச் சேத்தன், பிறகு கிட்டார். ஒரு பாட்டுக்கு உள்ளால நடந்து திரிஞ்ச மாதிரி இருந்தது. மழை நாள் ஒண்டு, லைட் போற வரைக்கும் இதையே செஞ்சுகொண்டு இருந்தன்.

இன்னொண்டும் கவனிச்சன். ஏவுகணை வெடிக்கேக்க பாட்டில ஒரு வாத்தியம் ஒரு கணத்துக்கு அறுந்து போகும், அந்தச் சனலை வெடிச் சத்தம் பறிச்சு எடுக்குது. நான் அடிக்கிற ஒவ்வொரு அடியும் பாட்டுக்குள்ள ஒரு ஓட்டையப் போடுது, உடன திரும்பி மூடுது. அதால ஒரு நாள் கேட்ட மாதிரி மற்ற நாள் கேக்காது, எப்பிடி ஓடுறன் எண்டதைப் பொறுத்துப் பாட்டு மாறும்.

கம்பஸில உண்மையான ஹைவே ஸ்டாரை அஞ்சாறு தரம் கேட்ட பிறகுதான் பேண்டில பேஸ் வாசிச்ச ரோஜர் குளோவரின்ர பேஸை அதுக்குள்ள கண்டுபிடிச்சன். மற்றப் பெடியளுக்கு அது கேக்கவே இல்லை, அவைக்குக் குரலும் கிட்டாரும்தான் கேட்டது. எனக்கு மட்டும் ஏன் கேட்டது எண்டா பதினொரு வயசில அதைத் தனியா நடக்க விட்டுப் பாத்தவன் நான். ஐயா, கேம் எனக்குப் பேண்டை மறைக்கேல்ல, அவையின்ர பாட்டைக் கேக்கச் சொல்லித் தந்ததே அதுதான்.

ஓர்ஸ்ஹில்_பிள்ளை | சனி, பின்னேரம் 4.50

இதில ஒரு பொம்பிளைப் பிள்ளையும் எழுதட்டும். நான் கிட்டார் ஹீரோ ஆக்கள், பாட்டோட சேந்து பட்டன் அமத்தி வாசிக்கிற கேம். பெரியம்மா வீட்டில அண்ணா வச்சிருந்தவர், பிளாஸ்டிக் கிட்டார், அஞ்சு கலர் பட்டன்.

பேண்ட் வாசிச்சதுதான் எப்பவும் மேல எண்டு நினைக்கிறவைக்கு ஒரு கதை. 2008 செப்டெம்பரில மெட்டாலிக்கா எண்ட பேண்டின்ர டெத் மக்னெற்றிக் அல்பம் வந்தது, அதே நாள் கிட்டார் ஹீரோ 3க்கும் அந்தப் பாட்டுகள் வந்தது. ரெண்டிலயும் அதே பேண்ட், அதே வாசிப்பு. ஆனா சிடியைக் கேட்ட ஆக்களுக்குக் காது நொந்தது, கேமில கேட்ட ஆக்களுக்குத் தெளிவாக் கேட்டது. என்ன நடந்தது எண்டா, சிடியில சத்தம் பெரிசாக் கேக்கோணும் எண்டு எல்லாத்தையும் மேல தள்ளி நெரிச்சு விட்டிட்டினம், மெல்லிய சத்தமும் பலத்த சத்தமும் ஒரே உயரத்தில. கேமுக்குப் போனது அந்த நெரிப்பு நடக்க முதல் பிரிச்சு எடுத்த சனல்கள், நீங்கள் ஒரு ஸ்வரத்தைத் தவறவிட்டா உங்கட கிட்டார் மட்டும் நிண்டு போகோணும் எல்லோ, அதுக்கு ஒவ்வொண்டும் தனித்தனியா வேணும். ரசிகர்மார் கேமில இருந்து சத்தத்தை எடுத்துத் தாங்களே அல்பத்தைத் திருப்பி அடுக்கிக் கேட்டவை. அல்பத்தைத் திரும்ப மிக்ஸ் பண்ணித் தாங்கோ எண்டு ஆயிரக்கணக்கில கையெழுத்துப் போட்டு மனுவும் குடுத்தவை. மாஸ்டரிங் (அல்பம் வெளியில வர முதல் கடைசியாச் சத்தத்தைச் சரிபாக்கிற வேலை) செஞ்சவரே, என்ர கைக்கு வரேக்கயே அது நெரிஞ்சுதான் வந்தது எண்டு சொன்னவர்.

நெரிச்ச சத்தம் எப்பிடி இருக்கும் எண்டு தெரியோணுமெண்டா ஆடி மாசம் குழாய் ஸ்பீக்கர் கட்டின கோயிலடியில போய் நில்லுங்கோ. அம்மன் பாட்டு நல்ல பாட்டு, பாடினவவும் நல்லாத்தான் பாடினவ, ஆனா அந்தக் குழாயுக்குள்ளால வரேக்க உடுக்கும் குரலும் ஒண்டா நசிஞ்சு போய்த்தான் வரும்.

அதுக்காகக் கேம் எல்லாம் நல்லம் எண்டு சொல்ல வரேல்ல. 2005ல வந்த முதலாவது கிட்டார் ஹீரோவில அநேகமான பாட்டுகள் வேற ஆக்கள் பாடி வாசிச்சது, சில இடத்தில குரல் ஒட்டவே ஒட்டாது. சொல்லில்லாமல் விடுறது வேற, இன்னொருத்தர் அவரைப் போலப் பாடப் பாக்கிறது வேற. ரெண்டாவது எனக்குப் பிடிக்காது.

பழைய_ரேப் | சனி, இரவு 7.30

பிள்ளை சொன்ன மெட்டாலிக்காக் கதை எனக்குப் புதுசு. நன்றி மகள். அந்தக் குழாய் உதாரணம் மனசில பதிஞ்சு போச்சு, எங்கட வீட்டுக்கு நேர எதிராத்தான் கட்டுறவை.

எண்டாலும் என்ர மனசில இருக்கிறதைச் சொல்றன். சுராங்கனி பாட்டு எங்கட நாட்டுப் பாட்டு, சிலோன் மனோகர் பாடினது, நாங்கள் எல்லாம் மேடையில கேட்டு ஆடின பாட்டு. 1977ல இளையராஜா இசையில சினிமாவில வந்தது. பிறகு நான் சென்னையில ஒரு கலியாண வீட்டுக்குப் போன இடத்தில அந்தப் பாட்டுப் போட, இது எங்கட ஊர்ப் பாட்டு எண்டு சொன்னன். பக்கத்தில இருந்த மனிசன், இது சினிமாப் பாட்டு சார் எண்டு எனக்குத் திருத்தம் சொன்னார். அண்டைக்கு வந்த நோவு இன்னும் இருக்கு. தம்பி கேமில கேட்டதைத் தன்ர எண்டு சொல்லேக்க அந்த நோவுதான் திரும்ப வந்தது.

சாம்பல்தீவு_ரேசர் | சனி, இரவு 8.10

ஐயா உங்கட நோவு எனக்கு விளங்குது, உண்மையா விளங்குது. ஆனா அந்தச் சென்னை மனிசன் செஞ்ச பிழை, சினிமாவில வந்த மாதிரி அவருக்குப் பிடிச்சதில்ல, நீங்கள் சொன்ன பிறகும் கேக்காமல் விட்டது. நான் அப்பிடிச் செய்யேல்ல. ஆர் எழுதினது, ஆர் வாசிச்சது, எந்த வருசம் எண்டு ஒவ்வொண்டாத் தேடிப் படிச்சிருக்கிறன், எல்லாம் தெரிஞ்ச பிறகும் என்ர காது முதல் கேட்ட இடத்துக்குத்தான் போகுது. பேரை அழிக்கிறது வேற ஐயா, காது ஒரு இடத்தில போய் இருக்கிறது வேற.

மூதூரான் | சனி, இரவு 11.25

இவ்வளவு நேரமும் வாசிச்சுக்கொண்டுதான் இருந்தன்.

எனக்கும் இந்தக் கேம் தெரியும். எங்கட வீட்டுக்குப் பக்கத்தில ஒரு கடை, ரெண்டு கொம்பியூட்டர், மணித்தியாலத்துக்குக் காசு. 2006 ஓகஸ்டில சண்டை வந்து ஊரோட வெளிக்கிட்டம், எங்கட குடும்பம் நடந்துதான் போனது, கந்தளாயில முகாம். உடுப்பைத் தவிர ஒண்டும் எடுக்கேல்ல. முகாமில ரேடியோ கூட எங்களிட்ட இல்ல. நானும் தம்பியும் ராவில படுத்துக்கொண்டு அந்தக் கேமின்ர பாட்டை வாயால போடுவம், அவன் ட்ரம், நான் கிட்டார். சொல் இல்லாத பாட்டு எண்டபடியா மறக்கிறதுக்கு ஒண்டும் இல்ல. வேற கூடாரத்துப் பெடியளும் வந்து சேருவாங்க, அவங்களுக்குக் கேமே தெரியாது, எங்கட வாயால கேட்டே பழகினவங்க.

அது பரனொய்ட் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும், இந்த இழையில பேரைப் பாத்துப் போய்க் கேட்டன். தம்பி இப்ப கட்டாரில, அவனுக்கும் அனுப்பினன். இன்னும் பதில் வரேல்ல, நித்திரையா இருப்பான்.

கீபோட்காரன் | சனி, இரவு 11.50

மூதூரான் தம்பி, இதை வாசிச்சிட்டு என்ன எழுதுறது எண்டு தெரியேல்ல. நீங்கள் ரெண்டு பேரும் வாயால போட்டதைத்தான் நான் கேக்க ஆசைப்படுறன்.

பழைய_ரேப் | ஞாயிறு, காலை 5.55

இரவு முழுக்க மூதூர் மகன் எழுதினதையே யோசிச்சுக்கொண்டு கிடந்தன். பரனொய்ட் பாட்டும் பெரிய திட்டத்தோட வந்ததில்ல, அல்பத்துக்கு இன்னும் மூண்டு நிமிசம் காணாமல் இருக்கு எண்டு கடைசியில அவசரமாச் செஞ்சது. 1970ல. பரனொய்ட் எண்ட சொல்லே பாட்டுக்குள்ள எங்கயும் வராது, தலைப்பில மட்டும்தான். அப்பிடி இடம் நிரப்பச் செஞ்ச பாட்டு கந்தளாய் முகாமில ராவில ஓடியிருக்கு.

சாம்பல்தீவுத் தம்பி, அந்தக் கேமை எனக்கு ஒருக்காக் கேக்கத் தாரும். போனில வேண்டாம், வீட்டில நல்ல ஸ்பீக்கர் இருக்கு. கீபோட் வாசிக்கிற தம்பியும் நேரம் இருந்தா வாரும். பின்னேரம் தேத்தண்ணிக்கு வாங்கோ.

சாம்பல்தீவு_ரேசர் | ஞாயிறு, காலை 7.02

கட்டாயம் வாறன் ஐயா. லப்டொப்போட வாறன்.

கிண்ணியா_சேகா | ஞாயிறு, காலை 10.15

நானும் வந்திருப்பன், மகளுக்குக் காய்ச்சல். ஐயாவுக்கு ரேடார் லவ் போட்டுக் காட்டு மச்சான், சேகாவில உள்ளத. மறக்காத.

சாம்பல்தீவு_ரேசர் | ஞாயிறு, இரவு 9.48

இப்பத்தான் வீட்ட வந்தன். நடந்ததை அப்பிடியே எழுதுறன்.

ஐயா வீட்டு முன் ஹோலில பழைய பெரிய ஸ்பீக்கர் ரெண்டு, மரப்பெட்டி. முதல்ல அவர் தன்ர கசெட்டைப் போட்டார், அதே கசெட், ஒட்டின இடத்தில ஒரு சின்னத் தடக்கு இருக்கு, அந்த இடம் வர முதலே அவற்ற தலை ஆடுது. ஹைவே ஸ்டார் முழுக்க, ஆறு நிமிசத்துக்கு மேல, ஒருத்தரும் கதைக்கேல்ல. கடல் பக்கத்து யன்னல் திறந்து கிடந்தது. அந்த ஸ்பீக்கரில கேக்கேக்க கில்லனின்ர குரல் எனக்கு முதல் தரமா வெளியாள் மாதிரி இருக்கேல்ல, இதை எழுதாமல் விட்டா நான் பொய் சொன்ன மாதிரி.

பிறகு என்ர லப்டொப்பைக் கொழுவினம். ஐயா முதல் அரை நிமிசம் முகத்தைச் சுழிச்சுக்கொண்டுதான் இருந்தார். நான் சனலை ஒவ்வொண்டா ஓஃப் பண்ணிக் காட்டத் தொடங்கினன். பேஸ் மட்டும் மிஞ்சின இடத்தில கையைத் தூக்கி, நில்லும், அப்பிடியே விடும் எண்டார். கண்ணை மூடிக் கேட்டார். அம்பது வருசமா இந்தப் பாட்டைக் கேக்கிறன், இந்த மனிசன் உள்ளுக்க இவ்வளவு வேலை செஞ்சது எனக்குத் தெரியாமல் போச்சே எண்டு சொன்னார். சொல்லிப்போட்டு எழும்பிப் போய்க் கசெட்டைத் திருப்பிப் போட்டு, பேஸை மட்டும் தேடித் தேடிக் கேட்டார்.

கடைசியாப் பரனொய்ட். கேமில குரல் வாற இடத்தை ஒரு வாத்தியம் வாசிக்கும், கீபோட் அண்ணா அந்தச் சனலைத் தேடிப் பிடிச்சு ஓஃப் பண்ணச் சொன்னார். மிச்சம் எல்லாம் ஓடுது, பாடுற ஆளின்ர இடம் மட்டும் வெறுமையாக் கிடக்கு. ஐயாவைப் பாத்தம். அவர் எழும்பி நிண்டார், கதிரையின்ர முதுகைப் பிடிச்சுக்கொண்டு பாடத் தொடங்கினார். முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும், ஒரு சொல் விடாமல். அடுப்படியில இருந்து அந்த வீட்டு அம்மா வந்து வாசலில நிண்டு பாத்தா. பேரன் போனில பிடிச்சவன், மூதூரானுக்கு அனுப்பச் சொல்லி ஐயாவே சொன்னார், தனியா அனுப்பியிருக்கிறன் பாருங்கோ.

சேகா ரேடார் லவ்வும் போட்டம். அரம்தான் நானா.

மூதூரான் | ஞாயிறு, இரவு 10.30

பாத்திட்டன். தம்பிக்கும் அனுப்பினன், அவன் உடன கோல் எடுத்தான். ஐயா பாடுறதுக்குக் கீழ அவன் வாயால ட்ரம் போடுறான்.